தையல் பிரிக்கும் கருவிக்கு மரக் கைப்பிடி கடைவது: முதல்முறை செய்பவர்களுக்கு

தையல் பிரிக்கும் கருவியை, அதாவது சீம் ரிப்பரை, நாள்தோறும் கையாள்பவர்களுக்கு அதன் பிளாஸ்டிக் கைப்பிடி எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். அரை மணி நேரம் தொடர்ந்து பிரித்தால் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. விரலுக்கு ஏற்ற பருமனில் ஒரு மரக் கைப்பிடியைக் கடைந்து அதில் கத்தியைப் பொருத்துவது ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். முதல் கட்டை துளையிடும்போதே பிளந்தது. இரண்டாவதில் குழலுக்குள் பசை புகுந்துவிட்டதால் கத்தி உள்ளே செல்லவில்லை. மூன்றாவது அழகாகவே அமைந்தது. ஆனால் பூசிய எண்ணெய் காய்வதற்குள் அதைத் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன், வெள்ளைத் துணியில் மஞ்சள் கறையுடன் அது திரும்பி வந்தது. அந்த மூன்று தவறுகளையும் நீங்கள் செய்யத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேனா, சாவிக்கொத்து போன்றவற்றைக் கடைந்து பழகியவர்களுக்குக் கீழே சொல்லப்படும் பல படிகள் அறிமுகமானவையாக இருக்கும். ஆயினும் இந்தக் கருவி எப்போதும் துணியை ஒட்டியே புழங்குவது. வடிவம், பூச்சு, கத்தியின் பொருத்தம் ஆகிய மூன்றையும் அந்த ஒரு காரணமே தீர்மானிக்கிறது.

1. கிட் வாங்குவதற்கு முன் அதன் அளவுத்தாளைப் படியுங்கள்

சீம் ரிப்பர் கிட் என்று விற்கப்படும் பொதியில் பொதுவாகக் கவை வடிவக் கத்தி, அது செருகப்படும் உலோகப் பிடிப்பு, மரத்துக்குள் ஒட்ட வேண்டிய பித்தளைக் குழல், மூடி அல்லது வளையம் ஆகியவை இருக்கும். சிலவற்றில் ஒரு முனையில் மட்டும் கத்தி இருக்கும். சிலவற்றில் ஒரு முனையில் பெரிய கத்தியும் மறுமுனையில் சிறிய கத்தியோ குத்தூசியோ இருக்கும். கத்தியை உருவித் திருப்பிச் செருகினால் கூர்முனை கைப்பிடிக்குள் மறைந்துகொள்ளும் வகையே பையில் வைத்து எடுத்துச் செல்ல ஏற்றது. முதல்முறை செய்பவர்கள் ஒரு குழலும் ஒரு கத்தியும் உள்ள எளிய வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகள் என்றால் பிழைக்கான வாய்ப்பும் இரண்டு மடங்கு.

கிட்டோடு வரும் ஒற்றைப் பக்க அளவுத்தாள்தான் இந்த வேலையின் மிக முக்கியமான ஆவணம். குழலின் நீளம், துளைப்பானின் விட்டம், பயன்படுத்த வேண்டிய புஷ்ஷிங்கின் (கடையும்போது கட்டையின் இரு முனைகளிலும் நின்று, எந்த விட்டம் வரை கடைய வேண்டும் என்று காட்டும் உலோக வளையத்தின்) எண், பாகங்களை அழுத்திப் பொருத்தும் வரிசை ஆகிய நான்கும் அதில்தான் உள்ளன. ஒரே தோற்றமுள்ள இரண்டு கிட்டுகளுக்குக் குழலின் விட்டம் வேறுபடுவது வழக்கம்; துளைப்பானின் அளவு சிலவற்றில் மில்லிமீட்டரிலும் சிலவற்றில் அங்குலப் பின்னத்திலும் தரப்பட்டிருக்கும். எனவே கிட்டை வாங்கிய பிறகு துளைப்பானைத் தேடாமல், அளவுத்தாளை முதலில் படித்து, அதற்குரிய துளைப்பான் உங்களிடம் உள்ளதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குழலையும் காலிப்பரால் ஒருமுறை அளந்து தாளிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராத பொதி ஒன்று எனக்கு வாய்த்தது. அந்தத் தாளை எறிந்துவிடாமல், நீங்கள் உண்மையில் பயன்படுத்திய அளவுகளை அதன் மேலேயே எழுதி ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

கத்தியின் தரத்தையும் கவனியுங்கள். மரம் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் கவையின் இடுக்கில் உள்ள வெட்டு விளிம்பு மழுங்கத்தான் செய்யும். கத்தியைத் தனியே மாற்ற முடியாத கிட்டில் செய்த கைப்பிடி, கத்தியோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

2. செலவு எங்கே போகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

கிட்டின் விலையைப் பார்த்து இதைச் சிக்கனமான பொழுதுபோக்கு என்று முடிவு செய்யாதீர்கள். பெருஞ்செலவு கடைசல் இயந்திரம், அதாவது லேத். அடுத்தது உளிகள். அவற்றைத் தீட்டுவதற்கான சாணைக்கல்லும் அதன் தாங்கியும் பலரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடும் செலவு. தீட்டாத உளி மரத்தைச் சீவாமல் பிய்க்கும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. இவற்றுக்குப் பிறகே மாண்ட்ரல் (கட்டையைக் கோத்துச் சுழற்றும் எஃகுக் கம்பி), புஷ்ஷிங், முனையைச் சமன் செய்யும் வெட்டி, முகக்கவசம், பசை, உப்புத்தாள் ஆகியவை வருகின்றன.

சொந்தமாக லேத் இல்லாதவர்கள் முதல் கைப்பிடியை, ஏற்கெனவே கடைசல் செய்யும் ஒருவரின் பட்டறையில் அவர் பார்வையில் செய்வதே நல்லது. அப்போது கிட், ஒரு மரத்துண்டு, புஷ்ஷிங் ஆகியவற்றை மட்டும் வாங்கினால் போதும். லேத் வாங்கியே தீர்வது என்றால் மேசைமேல் வைக்கும் சிறிய வகை தாராளமாகப் போதும். இந்த வேலைக்கான மரம் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கிட்டுகளை மட்டும் ஒன்றாக வாங்காமல் மூன்றாக வாங்குங்கள். முதலாவது பெரும்பாலும் பழகுவதற்கே போய்விடும்.

3. மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுமார் 19 மி.மீ. சதுரமும் 13 செ.மீ. நீளமும் உள்ள கட்டை பெரும்பாலான கிட்டுகளுக்குப் போதுமானது. குழலின் நீளத்தைவிட ஒவ்வொரு முனையிலும் குறைந்தது 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காடு வரை இருப்பது நல்லது. பச்சை மரத்தில் பித்தளைக் குழலை ஒட்டினால், மரம் சுருங்கும்போது குழல் சுருங்காது. ஆகவே சில வாரங்களில் நீளவாட்டில் வெடிப்பு விழும். ஈரமானி இல்லையென்றால் கட்டையை எடைபோட்டு எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் எடைபோடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் அது இன்னும் காயவில்லை. வெளிறைத் தவிர்த்து வைரம் பாய்ந்த பகுதியை எடுங்கள். ரேகை கட்டையின் நீளத்துக்கு இணையாக ஓடட்டும். கணுவும் சுழிரேகையும் உள்ள துண்டுகள் கண்ணைக் கவரும், ஆனால் துளையிடும்போது அவைதான் முதலில் பிளக்கும். என் முதல் கட்டையும் அப்படிப்பட்ட அழகிதான்.

தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களில் பசை சரியாகப் பிடிக்காது. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் துளையின் உட்புறத்தை அசிட்டோன் தோய்த்த தாளால் துடைத்து, அது ஆவியானவுடன் ஒட்டிவிடுங்கள். கருங்காலி சூடேறினால் நுண்வெடிப்பு விடும்; அதைத் துளையிடவும் தேய்க்கவும் பொறுமை வேண்டும். இம்மரங்களின் தூசி சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும் என்பதால் தூசிவடிகட்டும் முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

விற்பனை செய்யும் எண்ணம் இருந்தால் இன்னொரு ஆவணமும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், ஈட்டி மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் இடம்பெற்றுள்ளது. பிரேசில் ஈட்டி மட்டும் 1992 முதலே அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. இரண்டாம் பட்டியலில் உள்ள டால்பெர்ஜியா மரங்களால் செய்து முடிக்கப்பட்ட பொருள்களுக்கு, ஓர் அனுப்புகையில் அம்மரத்தின் எடை 10 கிலோவைத் தாண்டாதவரை விலக்கு அளிக்கும் திருத்தம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லையில் கேட்கப்படுவது, அது எந்த மரம், எங்கே வாங்கியது என்பதே. எனவே மரத்தின் பெயர் எழுதப்பட்ட விலைச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு இல்லாத ஈட்டித் துண்டை உங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. துளையிடுதல்

அதிகமான கட்டைகள் வீணாவது இந்தப் படியில்தான். துளை கட்டையின் நடுவே நேராகச் செல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கடைந்து முடிக்கும்போது ஒரு பக்கச் சுவர் மெலிந்து பித்தளை தெரியும். கட்டையின் முனையில் மூலைக்கு மூலை கோடிட்டு மையத்தைக் குத்திக் குறியுங்கள். தூண் துளைப்பொறி இருந்தால் கட்டையைச் செங்குத்தாக இறுக்கிப் பிடிக்கும் பற்றி (வைஸ்) தேவை; லேத்திலேயே துளையிடுவதானால் கட்டையை லேத்தின் சுழலும் பிடிவாயான சக்கில் பிடித்து, துளைப்பானை அதற்கு எதிர்முனையில் உள்ள பின்தலையில் பொருத்துங்கள். கையில் பிடிக்கும் டிரில்லால் இதைச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேகம் நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்றுக்குள் இருக்கட்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் துளைப்பானை முழுவதுமாக வெளியே இழுத்துச் சீவலை அகற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் சீவல் இறுகி, சூடேறி, மரம் உள்ளிருந்தே வெடிக்கும். வெளியே அது தெரியாமலும் இருக்கலாம். துளைப்பான் மறுபக்கம் வெளிவரும் இடத்தில் மரம் சிம்பாகப் பெயரும் என்பதால், கட்டையைச் சற்று நீளமாக விட்டு, துளை மறுமுனையை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, மிஞ்சிய பகுதியை ரம்பத்தால் அறுத்துத் துளையைத் திறப்பது பாதுகாப்பான வழி.

அசல் கட்டையில் கைவைக்கும் முன் கழிவு மரத்தில் ஒரு துளையிட்டுக் குழலைச் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிச் செல்ல வேண்டும். சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தால் துளை சிறியது, கவிழ்த்தால் தானே விழுந்துவிட்டால் பெரியது. துளையிட்ட கட்டை கைக்குக் குளிர்ச்சியாகும் வரை பசையைத் தொடாதீர்கள்.

5. குழலை ஒட்டுதல்

பித்தளைக் குழலின் வெளிப்புறத்தை 150 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். பிறகு குழலின் வாயை மெழுகாலோ களிமண்ணாலோ அடைத்துவிடுங்கள். கத்தியின் பிடிப்பு இறங்க வேண்டிய இடம் அந்தக் குழலின் உட்புறம் என்பதால், அங்கே ஒரு சொட்டுப் பசை உறைந்தாலும் கடைசியில் எல்லா வேலையும் பாழாகும். என் இரண்டாவது கைப்பிடியின் கதை அதுதான்: வட்ட அரத்தால் ஒரு மணி நேரம் சுரண்டியும் சரிப்படவில்லை.

பசையாக இரண்டு பொருள்கள் வழக்கத்தில் உள்ளன. சூப்பர் குளூ என்று அழைக்கப்படும் சயனோஅக்ரிலேட் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். குழல் பாதி வழியிலேயே சிக்கிக்கொள்வதும் அந்தச் சில நொடிகளில்தான். எபாக்சி ஐந்து நிமிட அவகாசம் தருகிறது, இடைவெளியையும் நிரப்புகிறது. தொடக்கத்தில் எபாக்சியையே பரிந்துரைப்பேன். குழலைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, முனையிலிருந்து சற்று உள்ளடங்கி நிற்கும்படி விடுங்கள். ஐந்து நிமிட எபாக்சி என்று எழுதியிருந்தாலும் ஓர் இரவு விட்டுவிடுவதே நல்லது.

தைக்கும் பழக்கமுள்ளவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. சூப்பர் குளூ பருத்தித் துணியிலோ நூலிலோ கணிசமாகச் சிந்தினால் வேகமாக வினைபுரிந்து, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். பருத்திக் கையுறை அணிந்துகொண்டு அந்தப் பசையைக் கையாளாதீர்கள்; சிந்தியதைத் துணியால் துடைக்காதீர்கள். அதன் புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

6. முனைகளைச் சமன் செய்தல்

குழல் மரத்தின் முனையோடு ஒரே மட்டமாகவும் அச்சுக்குச் செங்குத்தாகவும் வர வேண்டும். குழலுக்குள் செருகிச் சுழற்றும் வெட்டியால் மரத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, பித்தளை பளிச்சென்று தெரிந்த கணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் சீவினால் குழல் குட்டையாகும். உள்ளே திரும்பிச் செல்ல வேண்டிய கத்தி அடியில் இடிக்கும். இந்தப் படி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

7. கடைதல்

மாண்ட்ரல் என்பது கட்டையின் துளை வழியே செல்லும் மெல்லிய எஃகுக் கம்பி. அதில் ஒரு புஷ்ஷிங், கட்டை, இன்னொரு புஷ்ஷிங் என்று கோத்து நட்டை இறுக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் பிழை, நழுவாமல் இருக்கட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்குவது. கம்பி வில்போல வளைந்து, கைப்பிடி வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் அமைந்துவிடும். விரலால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். பின்தலையையும் இலேசாகவே அழுத்துங்கள்.

இயந்திரத்தை ஓடவிடும் முன் தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள்; நீண்ட முடியை முடிந்துகொள்ளுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். உளிதாங்கியைக் கட்டைக்கு மிக நெருக்கமாக வைத்து, கையால் ஒருமுறை சுழற்றி எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே சுவிட்சைப் போடுங்கள்.

சதுரத்தை வட்டமாக்கும் வரை நிமிடத்துக்கு 1500 சுற்று, அதன்பின் 2500 வரை போகலாம். முதலில் குழியுளியால் மூலைகளை எடுத்து, பிறகு மெல்லிய குழியுளியாலோ சாய்வுளியாலோ வடிவம் கொடுங்கள். உளியின் முதுகு மரத்தில் படிந்த பிறகே உளியின் பிடியை உயர்த்தி வெட்டு விளிம்பைத் தொடவிட வேண்டும். விளிம்பை முதலில் கொடுத்தால் அது கடித்துக்கொண்டு கட்டையைப் பெயர்த்துவிடும். முனைகள் இரண்டும் புஷ்ஷிங்கின் மட்டத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அந்த விட்டம்தான் உலோகப் பிடிப்பின் விட்டம். உப்புத்தாள் கொஞ்சம் தின்னும் என்பதால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மிச்சம் வைக்கலாம்.

வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கடைசல் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். உளி வசப்பட்ட உற்சாகத்தில் மணிமணியாக வளையங்களையும் பள்ளங்களையும் செதுக்கிவிடுவார்கள். மேசைமேல் வைத்தால் அது அழகு. விரல் அழுந்தும் இடத்தில் ஒவ்வொரு வளையமும் ஒரு வடு. சீம் ரிப்பரைப் பெரும்பாலோர் பென்சிலைப் போலப் பிடிப்பார்கள். எனவே கத்தியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பதியும் இடத்தில் ஆழமில்லாத ஓர் இடுப்பும், அதன் பின்னால் உள்ளங்கை நோக்கி 13 முதல் 15 மி.மீ. வரை பருக்கும் வயிறும் இருந்தால் போதும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இன்னும் பருமனாக வைக்கலாம். அப்படியானால் கட்டையையும் அதற்கேற்பப் பெரிதாக எடுக்க வேண்டும். இன்னொன்று, முழு உருளையாக இருக்கும் கைப்பிடி மேசையிலிருந்து உருண்டு, கூர்முனை கீழே இருக்கும்படி காலருகே விழும். கடைந்து முடித்தபின் வயிற்றுப் பகுதியில் ஒரு பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் இலேசாகத் தட்டையாக்கினால் உருளாது. அந்தத் தட்டை விரலுக்குத் தட்டுப்படுவதால், பார்க்காமலேயே கத்தி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் தெரியும்.

8. தேய்ப்பும் பூச்சும்

உப்புத்தாளை 150, 220, 320, 400, 600 என்ற வரிசையில் எண் எதையும் தாண்டாமல் பயன்படுத்துங்கள். வேகத்தைக் குறைத்து, உளிதாங்கியை அகற்றிவிட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் இயந்திரத்தை நிறுத்தி, ரேகையின் போக்கில் நீளவாட்டில் நான்கு இழுப்பு இழுங்கள். அப்போதுதான் வளையக் கீறல்கள் மறையும். சிம்பு ஒன்று எஞ்சியிருந்தாலும் அது பட்டில் நூலை இழுத்துவிடும். முடிந்தபின் பழைய மெல்லிய துணி ஒன்றைக் கைப்பிடிமேல் உரசிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்க வேண்டும். இயந்திரம் நின்ற பிறகே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: சுழலும் மரத்தின் அருகே துணியே வரக்கூடாது. பூச்சுக்கும் மெருகுக்கும் தாளை மட்டும் பயன்படுத்துங்கள். சிக்கினால் தாள் கிழியும், துணி விரலையும் சேர்த்து இழுக்கும்.

பூச்சுகளில், அரக்கு கலந்த உராய்வு மெருகு சில நிமிடங்களில் பளபளக்கும், ஆனால் கை வியர்வையில் சீக்கிரம் மங்கும். சூப்பர் குளூவை மெல்லிய படலங்களாக ஏற்றித் தேய்ப்பது கண்ணாடிபோல் உறுதியானது, கறையும் விடாது. ஆனால் தொடும்போது மரம் என்ற உணர்வு போய்விடும். ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் ஆகியவை கைக்கு இதமானவை, காய்வதற்கு மட்டும் காலம் எடுப்பவை. எனக்குப் பிடித்தது எண்ணெய்தான், ஆகையால் காத்திருக்கிறேன். மெல்லிதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு முடித்தபின் குறைந்தது இரண்டு வாரம் உலரவிடுங்கள். பின்னர் வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கறை தெரிந்தால் இன்னும் ஒரு வாரம். ஆளி விதை எண்ணெய் துடைத்த தாள்களைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

9. கத்தியைப் பொருத்துதல்

குழலின் வாயிலுள்ள பிசிறை வட்ட அரத்தால் நீக்கி, பசை எச்சம் இருந்தால் சுரண்டுங்கள். பிறகு உலோகப் பிடிப்பைக் குழலின் வாயில் நேராக வைத்து, மரத்துண்டு பதித்த பட்டறைப் பற்றியாலோ கவ்வியாலோ மெல்ல அழுத்துங்கள். சாய்வாக இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி வெளியே எடுங்கள். சாய்ந்தபடியே அழுத்தினால் முனையில் மரம் பிளக்கும். பிடிப்பு தளர்வாக இருந்தால் ஒரு சொட்டுப் பசை போதும். அழுத்தும்போது கத்தி பிடிப்புக்குள் இருக்கக் கூடாது.

கடைசியாகக் கத்தியைச் செருகி, உருவி, திருப்பி, மீண்டும் செருகிப் பாருங்கள். கவையின் மேல்நோக்கிய முனை, நீங்கள் தட்டையாக்கிய பக்கத்துக்கு நேராக அமைகிறதா என்பதையும் பாருங்கள்.

10. எவ்வளவு நாள் ஆகும்

முதல் கைப்பிடிக்குக் கையால் செய்யும் வேலை மூன்று நான்கு மணி நேரம். ஆனால் அதை மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் துளையும் ஒட்டும், இரண்டாம் நாள் கடைசலும் தேய்ப்பும், மூன்றாம் நாள் பூச்சின் தொடக்கம். எண்ணெய் என்றால் அதற்கு மேல் உலரும் வாரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருடைய பிறந்தநாளுக்காவது கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அல்லது எண்ணெயை விட்டுச் சூப்பர் குளூ பூச்சுக்கு மாறிவிடுங்கள். பழகியபின் பூச்சு நீங்கலாக ஒரு மணி நேரத்தில் ஒன்று முடியும்.

கிட் கிடைக்காத இடத்திலும் இதைச் செய்யலாம். சாதாரண பிளாஸ்டிக் சீம் ரிப்பரிலிருந்து கத்தியை இடுக்கியால் உருவி, அதன் தண்டைக் காலிப்பரால் அளந்து, அதே அளவில் கைப்பிடியின் முனையில் துளையிட்டு எபாக்சியால் நிறுத்துங்கள். மரத்தின் முனை பிளக்காமல் இருக்கப் பித்தளைக் குழாயில் அறுத்த ஒரு சிறு பூணை முதலில் ஏற்ற வேண்டும். இப்படிச் செய்த கைப்பிடியில் கத்தி உள்ளே மறையாது. எனவே பழைய மூடியை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அது பொருந்தும் நீளத்துக்குக் கத்தியின் தண்டை வெளியே விட்டு ஒட்டுங்கள்.